முதுகுக்குப் பின்னால் எழுதிய குணம்

வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரிகளுக்கு நீங்கள் நடத்திய பயிற்சிக் கூட்டத்தில் நான் பாதியில் எழுந்து போனேன். கிழவனுக்குத் திமிர் என்று யாரோ சொன்னதாகப் பிறகு காதில் விழுந்தது. பார்த்தீர்களா, அதுதான் விஷயம். ஒருவன் எழுந்து போனால் உடனே அவனுக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். வயிறு சரியில்லையா, நாற்காலி குத்துகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வயிறு நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில்தான் போனேன். ஒரு தம்பி கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். வேலை கேட்டு வருகிறவன் கேள்விகளுக்கு டிக் அடித்தால் போதும். அவன் உள்ளுக்குள் ஒடுங்குகிறவனா, கலகலப்பானவனா, பொறுப்பானவனா, பதற்றக்காரனா என்று கலர் கலராகப் பட்டை போட்டுக் காட்டிவிடுகிறது. "ஆளைப் பார்க்கவே வேண்டாம் சார்" என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்னார். அந்த வாக்கியத்துக்குத்தான் எழுந்தேன். அங்கேயே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன். எண்பதுகளும் தொண்ணூறுகளும் அங்கேயே போயின. வாப்பாவுக்குப் பஜாரில் மளிகைக் கடை. நான் மதுரையில் உளவியல் படித்தேன். கடைக்குப் பிரயோஜனமில்லாத படிப்பு என்பதால் ஆலைக்குப் போனேன். ஆலையில் எல்லோருக்கும் நான் பாய். பெரிய அதிகாரிகள் பக்கத்தில் நின்றால் மட்டும் பாய் சார்.

ஆளுமைக் கொள்கைகள் என்று ஒரு முழுப் பாடம் இருந்தது. இன்னும் மறக்கவில்லை. குணம் என்பது மனிதன் தானே அறியாத அடிமனதில் கிடக்கிறது, சின்ன வயதில் ஆத்தா அப்பனிடம் பட்டதுதான் பிறகு வேறு வேறு வேஷத்தில் வெளியே வருகிறது என்றது ஒன்று. அடிமனதும் கிடையாது, ஒன்றும் கிடையாது, எதைச் செய்து பலன் கண்டானோ அதைத் திரும்பச் செய்கிறான், எதற்கு அடி வாங்கினானோ அதை விடுகிறான், இந்தப் பழக்கத்துக்குத்தான் குணம் என்று பேர் என்றது இன்னொன்று. உயரம் எடை போலக் குணத்தையும் அளக்கலாம், லேசில் மாறாது என்றது மூன்றாவது. மனிதன் வளரத் துடிக்கிறவன், பசியும் பயமும் தீர்ந்தால் தானாக நிமிர்வான் என்று நல்ல மனதோடு சொன்னது நான்காவது. கடைசியாக வந்த கொள்கை, ஆளை மட்டும் பார்க்காதே, அவன் நிற்கிற இடத்தையும் சேர்த்துப் பார் என்றது. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. நான் கொள்கைகளைத் திட்ட வரவில்லை. அரிவாளைத் திட்டி என்ன செய்ய? பிடித்த கையைத்தான் திட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் மூத்த கொள்கை ஒன்று இருந்தது. அதற்கு ஆசிரியரும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. "அவனுக சாதிப் புத்தி அப்படி." நாயை இனம் பார்த்து விலை பேசுகிற ஊர். மனிதனையும் அதே வாயால் பேசினார்கள். மற்ற கொள்கைகள் காகிதத்தில் இருந்தன. இந்த ஒன்று மட்டும் சாதிக் கலவரத்தில் கூரைகளில் தீயாக ஏறியதை எங்கள் பக்கத்துக்காரர்கள் தொண்ணூறுகளில் பார்த்தோம். சரி, அது வேறு கதை.

எண்பதுகளின் நடுவில், ஆலைக்கு ஆள் எடுக்க ஆலோசனை சொல்வதற்கு நிர்வாகம் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரைக் கூட்டி வந்தது. நல்ல படிப்பாளி. மையைக் கொட்டி மடித்தது போன்ற அட்டைகளைக் கொண்டு வந்தார். அதைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் உள்மனம் வெளியே வருமாம். சுந்தரபாண்டியத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காய்ப்புழு சார்."

"வேறு?"

"வேற என்ன? புழுதான். மருந்தடிக்காம விட்டுட்டாவ. காடு மொத்தமும் போச்சு."

அடுத்தவனும் புழு என்றான். அதற்கு அடுத்தவனும் புழு. அந்த வருஷம் பருத்தி முழுக்கப் புழு விழுந்து, வெள்ளாமை போய், அதனால்தான் அவர்கள் ஆலை வாசலில் நின்றார்கள். பேராசிரியர் எல்லோருக்கும் 'நோய்க்கூறான கற்பனை' என்று எழுதினார். வெள்ளாமை போன கதையை நான் சொன்னேன். "அது மேல்மனக் காரணம்" என்று சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியாத ஒன்று வந்தது.

முத்தையா தளவாய்புரத்துக்காரன். ரிங் பிரேமில் சைடர். ஆயிரக்கணக்கான கதிர்கள் சுற்றும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த நூலை விரலால் முடிகிறவனுக்குச் சைடர் என்று பேர். மீசை முளைக்கும் முன்பே ஆலைக்கு வந்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கேண்டீனில் உட்கார்ந்தால் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்வார்கள். யாரைப் போலவும் பேசிக் காட்டுவான். என்னைப் போலவும். "ஒழுங்கா இருங்கப்பா, நான் எம்.ஏ. படிச்சவன்" என்று என் குரலில் சொல்லி என்னையே சிரிக்க வைத்தவன்.

அந்த ஆள் சில வருஷங்களில் மாறினான். கேண்டீனில் தனியாக, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார ஆரம்பித்தான். இரண்டு பேர் பேசிச் சிரித்தால் எழுந்து வருவான். "ஏலே, என்னைப் பத்தி என்னலே பேசுதிய?" என்பான். சங்கக் கூட்டத்துக்குப் போவதை விட்டான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேசினால் சண்டைக்கு நிற்கிற மாதிரி சத்தம். ஆனால் மெஷின் பக்கம் மட்டும் பழைய முத்தையாதான். அங்கே அவனை ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் மேஸ்திரி பின்னாலிருந்து வந்து ஏதோ மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இவன் திரும்பவில்லை. மறுபடி கத்தியிருக்கிறார். திரும்பவில்லை. தோளைப் பிடித்து இழுத்தார். முத்தையா சுற்றித் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த, நூல் சுற்றும் பாபின் கட்டை மேஸ்திரியின் புருவத்தைப் பிளந்தது. ரத்தத்தில் கண் மூடிப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மேலதிகாரியை அடித்தல், உத்தரவை மீறுதல் என்று குற்றச்சாட்டு. உள்விசாரணை வைத்தார்கள். அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிர்வாகமே ஒரு விசாரணை அதிகாரியை வைத்து, நிர்வாகமே குற்றம் சொல்லி, நிர்வாகமே தீர்ப்பும் எழுதும். அதிகாரியாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வயதான வக்கீல் வந்தார். நிர்வாகத் தரப்பில் ஸ்பின்னிங் மாஸ்டர். அவர் கையில்தான் அந்தப் பிரிவு முழுதும். தொழிலாளி எப்படிப்பட்ட ஆள் என்று கவனித்து அறிக்கை கொடுக்கப் பேராசிரியர் ஓரமாக உட்கார்ந்தார். அதற்கு முன்னால் எந்த விசாரணையிலும் அப்படி ஒரு நாற்காலி கிடையாது.

"துணைக்கு உன் கூட்டாளி ஒருத்தனைக் கூட்டிக்கலாம்ப்பா" என்று நான் முத்தையாவிடம் சொல்லியிருந்தேன்.

"எனக்கு எவனும் வேண்டாம்" என்றான்.

பக்கத்தில் நின்ற பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார்.

விசாரணைக்கு முன்பே எல்லோரும் தீர்ப்பு சொல்லி முடித்திருந்தார்கள். கட்டுப் போட்ட மேஸ்திரி, "அவனுக ரத்தமே அப்படித்தான் பாய், வெட்டுக் குத்துலயே பொறந்தவனுக" என்றார். ஸ்பின்னிங் மாஸ்டர், "ஒருத்தனை விட்டா ஒன்பது பேரு கை நீட்டுவான். அடி விழுந்தாத்தான் படிப்பான்" என்றார். அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. ஆனால் இரண்டாவது கொள்கையை அவரை விடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. பேராசிரியர் முத்தையாவின் அப்பனைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். அப்பன் குடித்துவிட்டு அடிப்பவன். "மேஸ்திரி உருவத்தில் அவன் அப்பனைத்தான் அடித்தான்" என்றார். அழகாக இருந்தது. எனக்குக்கூட ஒரு நிமிஷம் சரியென்று பட்டது.

முதல் நாள் விசாரணை. அமைதியான அறை. மின்விசிறியும் டைப்ரைட்டரும் மட்டும்தான். வக்கீலுக்குக் கண் பார்வை மட்டு. காகிதத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேள்வியைப் படித்தார்.

"சம்பவத்தன்று மேஸ்திரி சொன்ன உத்தரவு உங்களுக்குப் புரிந்ததா?"

முத்தையா பேசாமல் நின்றான்.

"பதில் சொல்லும்."

பேசாமல் நின்றான். ஸ்பின்னிங் மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டார், பார்த்தீர்களா திமிரை என்பது போல. டைப் அடிக்கிற பெண் தலையை நிமிர்த்தி, "அண்ணே, பேரை முழுசாச் சொல்லுங்க, தப்பா அடிச்சிட்டேன்" என்று மெதுவாகக் கேட்டாள். சட்டென்று பதில் வந்தது. "சு.முத்தையாம்மா!" அறையே அதிரும் சத்தம்.

வக்கீல் மறுபடி காகிதத்தைத் தூக்கினார். மறுபடி கல் மாதிரி நின்றான். காகிதம் கீழே வந்தால் பதில், மேலே போனால் மௌனம். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பேராசிரியரும் கவனித்தார். அவர் காகிதத்தில் 'அதிகாரத்தின் குரலுக்கு எதிர்ப்பு' என்று இருந்ததைப் பிறகு பார்த்தேன். என் மண்டையில் வேறொன்று ஓடியது. ரிங் பிரேம் ஓடும்போது அங்கே யார் காதிலும் எதுவும் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. மீதி விரல். சாயா குடிக்கப் போகலாம் என்பதிலிருந்து மாமியார் செத்துட்டா என்பதுவரை கை ஜாடையிலேயே சொல்வார்கள். அங்கே எல்லோரும் செவிடர்கள், அதனால் யாரும் செவிடன் இல்லை. முத்தையா அங்கே மட்டும் நன்றாக இருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் தளவாய்புரம் போனேன். அவன் வாசலுக்கு முதுகைக் காட்டிச் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே தையல் மெஷினில் இருந்த அவன் மனைவி ராமலட்சுமி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவே இல்லை. பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவன் முதுகில் எறிந்தாள். அவன் திரும்பினான். கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை இருந்தது.

நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"பாய், அவியளுக்குக் கோவம் ஜாஸ்தி. அம்புட்டுத்தான். அப்படியே எழுதிக்கோங்க" என்றாள்.

"கோவம் எனக்கும்தான் ஜாஸ்தி. எனக்கு யாரும் கொட்டை எறியறதில்லையேம்மா."

அவள் தலையைக் குனிந்து தைக்க ஆரம்பித்தாள். முத்தையா எங்கள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது டாக்டர் இருந்தார். அங்கே போக முத்தையா சம்மதித்ததற்கு ஒரே காரணம், அழுக்கு அடைத்திருக்கும், கழுவினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. பஸ்ஸில் போகும்போது முகம் தெளிந்திருந்தது. டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதோரம் வைத்தார், மண்டை எலும்பில் வைத்தார். பிறகு கழுவுகிற வேலை ஏதும் இல்லை என்றார். "ரிங் பிரேம்தானே? உள் நரம்பு போயிட்டுது. திரும்ப வராது. உங்க ஆள்கள் எல்லாம் இப்படித்தான் வாரான். வந்து, வெளிய சொல்லிராதீங்கன்னு கும்பிட்டுட்டுப் போறான்."

திரும்பி வரும்போது பஸ் எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் என் உதட்டைச் சுலபமாகப் படித்தான். நான்தான் அவன் வாயருகே காதைக் கொண்டுபோய், என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

"விசாரணையில சொல்லிருவோம்ப்பா. நீ வேணும்னு அடிக்கலை. உனக்குக் கேக்கலை. பின்னால இருந்து இழுக்கவும் மிரண்டுட்ட."

"வாயை மூடுங்க பாய்."

"வேலை போயிரும்."

"கோவக்காரன்னா ஒரு வருசத்துல மறந்துருவானுவ. மன்னிப்புக் கேட்டா மறுபடி எடுத்துக்கிடுவாவ. எத்தனை பேரை எடுத்திருக்காவ. செவிடன்னா சாவுற வரைக்கும் செவிடன்தான். உடம்பு தகுதியில்லன்னு அனுப்பிருவாவ. பொறவு எந்த மில்லுல எடுப்பான்?"

அவன் சொன்னதில் தப்பே கிடையாது. கணக்கைத் தெளிவாகப் போட்டிருந்தான். இன்னொன்றும் சொன்னான். "எங்க தெருவுல ஒரு செவிடன் இருந்தான் பாய். சின்னப் பிள்ளைக பின்னால போயி வண்டை வண்டையா வைவோம். அவன் பாட்டுக்குப் போவான். நாங்க சிரிப்போம். நானும் வைதிருக்கேன்."

கேண்டீனில் சுவரில் முதுகைச் சாய்த்து ஏன் உட்கார்ந்தான் என்று அப்போது புரிந்தது. பேராசிரியர் பிறகு சந்தேக குணம் என்று எழுதிய அதே சுவர்தான்.

புதிதாக வருகிறவர்கள் இதை மண்டையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதனுக்கு முன்னால் மூன்று பேர்கள் காத்திருந்தன. கோபக்காரன், பைத்தியக்காரன், செவிடன். முதல் பேரை அவனே தைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஆம்பளைக்கு அந்தச் சட்டை பொருந்தும், ஊர் ஏற்றுக்கொள்ளும். நாம் குணம் குணம் என்று அளக்கிறோமே, அதில் பாதி இப்படித் தைத்துப் போட்ட சட்டை.

"வேலை போறது உறுதின்னு ஆனா நான் பேசிருவேன்" என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னேன். என் உதட்டைப் படித்தான். விறுவிறுவென்று நடந்து போனான்.

வக்கீல் வீட்டுக்குப் போனேன். பெயர் சொல்லாமல் ஒரு தொழிலாளிக்கு இப்படி இருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "எனக்குத் தெரிஞ்சா எழுதணும். எழுதினா அந்தப் பிரிவுல இருக்க அத்தனை பேர் காதையும் நான் எழுதின மாதிரி ஆகும். எனக்குச் சம்பளம் உங்க நிர்வாகம் தருது. சாயா சாப்பிடுதேளா?" என்றார். சாயா வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்தத் தொழிலில் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு மாற்றிவிடலாம், அங்கே மெஷின் கிடையாது, மேஸ்திரி தொல்லையும் கிடையாது என்று நிர்வாகத்திடம் நான் கேட்டுப் பார்த்தேன். அடிப்படையில் அது கடைசிக் கொள்கைதான், இடத்தை மாற்று என்பது. கிட்டத்தட்ட சரி என்றிருந்தார்கள். அதற்குள் பேராசிரியரின் அறிக்கை வந்துவிட்டது.

கடைசி நாள் விசாரணையில் அவரே அதைப் படித்தார். முத்தையாவுக்கு முன்னால், ஆனால் வக்கீலைப் பார்த்து. சந்தேகமும் பகையும் ஊறிய ஆளுமை. குழந்தைப் பருவத்தில் வேர். எந்தப் பிரிவுக்கு மாற்றினாலும் ஆபத்து. மனநல மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர். அந்தக் காகிதம் ஊரிலுள்ள மற்ற ஆலைகளுக்குப் போக எத்தனை நேரமாகும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முத்தையா பேராசிரியரின் பக்கவாட்டு முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி உதடுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது பேர் விழப்போகிறது என்றான பிறகு நான் மூன்றாவதைச் சொன்னேன். எழுந்து நின்று, இவனுக்குக் காது கேட்காது, டாக்டர் பார்த்திருக்கிறார் என்றேன். அவனுக்குத் தெரிய வேண்டும் என்று அவனைப் பார்த்தே சொன்னேன்.

"பொய்! பாய் பொய் சொல்லுதாரு! எனக்கு நல்லாக் கேக்கும்!" என்று கத்தினான்.

பேராசிரியர் அசரவில்லை. "கேட்க விருப்பமில்லாத மனம் காதை அடைத்துக்கொள்ளும். அதுவும் நோய்தான். நான் எழுதியதை இது உறுதிப்படுத்துகிறது" என்றார். நரம்பு செத்துப்போன காதையும் அந்தக் கொள்கை ஒரு வாயில் விழுங்கிவிட்டது. எந்த உண்மை வந்தாலும் விழுங்குகிற கொள்கையைக் கண்டால் ஓடுங்கள். அது அறிவு இல்லை, பசி.

"எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று ஸ்பின்னிங் மாஸ்டர் எழுந்தார். முத்தையாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அவன் மனைவியைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். சாதாரணக் குரலில், நிதானமாக. அந்த வாக்கியத்தை நான் இங்கே எழுத மாட்டேன். தளவாய்புரத்தில் அதைச் சொல்லிவிட்டு ஒருவன் நடந்து வீடு போய்ச் சேர முடியாது.

முத்தையா அசையவில்லை.

டைப் அடிக்கிற பெண் முகத்தை மூடிக்கொண்டாள். வக்கீல் காகிதத்தைத் தூக்கி மறைந்துகொண்டார். முத்தையா ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "என்ன? என்ன சொன்னாரு? பாய், என்ன சொன்னாரு?"

நான் பாய்ந்து போய் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். ஸ்பின்னிங் மாஸ்டரைப் பார்த்துக் கத்தினேன். அதன் பிறகு எனக்கு அந்த ஆலையில் உயர்வு என்பது கிடையாது. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் கிடையாது.

ஆலை அவனைக் குற்றவாளி என்று எழுதவில்லை. பைத்தியம் என்றும் எழுதவில்லை. உடல் தகுதியின்மை என்று எழுதி, மாலை போட்டு அனுப்பியது. அடுத்த மாதத்திலிருந்து, ஆள் எடுக்கும்போது பின்னால் நின்று முணுமுணுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்தவர்களில் வயதானவர்களையும் ஒவ்வொருவராக அதேபோலப் பார்த்தார்கள். கேட்காதவன் வெளியே. பஞ்சு மலை மலையாகக் குவிந்து கிடக்கிற இடத்தில், காதில் வைத்துக்கொள்ள எதையாவது கொடுப்போம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தானாகப் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்த இரண்டொருவரை, மேஸ்திரி சொல்வது எப்படிக் கேட்கும் என்று எடுக்கச் சொன்னார்கள். நான் எழுதிக் கேட்டேன், சண்டை போட்டேன், நடக்கவில்லை. பிரேம்காரர்கள் என் அறைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அங்கே போனால் காதைத் தோண்டுவார் என்று பேர். நான் பேசியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். சரியாகச் செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பேராசிரியர் தன் மாணவர்களுக்கு முத்தையாவைப் பற்றிப் பாடம் நடத்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பெயரை மாற்றி, சந்தேக ஆளுமைக்கு உதாரணமாக.

தொண்ணூறுகளில், மழை முடிந்த ஒரு மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் முத்தையாவைப் பார்த்தேன். செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவல் வேலை. சுற்றி நாலைந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன், எந்த பஸ் கண்டக்டரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வேண்டியவர்கள் முன்னால் வந்து கையை அசைத்துக் கூப்பிட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டதே. சந்தேகம், பகை, ஒதுங்கல் மூன்றும் சட்டையைக் கழற்றிப் போட்டது போல எங்கேயோ போயிருந்தன. எந்த மருந்தும் இல்லை, எந்த அடிமனதையும் யாரும் தோண்டவில்லை. நூல் முடிந்து பழகிய அந்த விரல்கள் மட்டும் சும்மா இருக்க முடியாமல் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன. நூல் முடிகிற வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கிட்டே வந்தான். ஆலையில் இருந்தவரை என்னை 'நீங்க' என்பான். இப்போது 'நீரு'.

"பாய், ஒண்ணு கேக்கணும். அந்த ரூம்ல மாஸ்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஒரு வாரத்துல ஊரே வந்து சொல்லிருச்சு. அது கெடக்கட்டும். நீரு எந்திரிச்சு வந்து என்னமோ கத்துனீரே. அதை எவனும் சொல்லலை. என்ன சொன்னீரு?"

நான் அவன் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னேன். "அவன் பொண்டாட்டி காலைக் கழுவின தண்ணில உன் வாயைக் கழுவுலேன்னு சொன்னேன்."

அவன் கண் விரிந்தது. ஒரு நொடி பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. "மாஸ்டரையா? லே போட்டா சொன்னீரு?"

"ஆமா. கத்தினேன்."

"எனக்கு உம்ம முதுகுதான் தெரிஞ்சுது பாய்" என்றான். "இத்தனை வருசமா, நீரும் அவியகூடச் சேந்து ஏதோ சொன்னீருன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது.